பாட்டில் ஒரு செருமல்

இன்றைக்கும் யாராவது பாடினால், மூன்றாவது அடி முடிந்ததும் ஒரு செருமல் வரும் என்று என் காது காத்திருக்கிறது. பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என்னைப் பழக்கியவள் என் அத்தை.

அப்பாவின் தங்கை அவள். ஜெயங்கொண்டம் பக்கம் வாழப் போனவள், செந்துறைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே அந்த வருடம் திரும்பி வந்துவிட்டாள். குழந்தை தவறிவிட்டது என்று வீட்டில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது நான்கு வயது. கையிலிருந்து தவறினால் கீழேதானே கிடக்கும், யாராவது குனிந்து தேடக் கூடாதா என்று பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

பிறகு அத்தைக்கு எங்கள் ஊர் பால்வாடியிலேயே டீச்சர் வேலை கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்களைப் பாயில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுப் பாடுவாள். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். ஜன்னல் வெயிலில் புழுதி மெல்ல மிதந்து உள்ளே வரும். கண் சொக்கும் நேரத்தில் அவள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. கூரையே பாடுவது போலிருக்கும். பாட்டும் அவளே கட்டியதுதான்.

தட்டாம்பூச்சி, தட்டாம்பூச்சி, எங்க போற?
சந்தைக்குப் போறேன், பொரி வாங்கப் போறேன்.
வாங்குன பொரிய யாருக்குத் தருவ?

இந்த இடத்தில் அத்தை நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அதன் பிறகுதான் 'வூட்டுல தூங்குற புள்ளைக்குத் தருவேன்' என்ற கடைசி அடி வரும். அரைத்தூக்கத்தில் பாட்டைக் கற்றுக்கொண்ட நாங்கள் செருமலையும் சேர்த்தே கற்றுக்கொண்டோம். பாடு என்று அவள் யாரையும் சொன்னதில்லை. ஆனாலும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதையே பாடிக்கொண்டு திரிந்தோம்.

வினை அங்கேதான் தொடங்கியது. தாய்மார்கள் காதில் அது இருமலாக விழுந்தது. தெருவே கஷாயம் காய்ச்சியது. பாடினால் மிளகுக் கஷாயம் வரும் என்று தெரிந்தும் எங்களில் ஒருவரும் பாட்டை விடவில்லை. கடைசியில், பால்வாடிக்கு அனுப்பினால் சளி ஒட்டிக்கொள்கிறது என்று ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன.

"புள்ளைங்க இல்லாம நான் மட்டும் அங்க போயி என்னாண்ணி செய்யிறது?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

புகார் எட்டி, அரியலூரிலிருந்து சூப்பர்வைசர் அம்மா வந்தார். தாய்மார்கள் எங்களை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவர் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், இருமச் சொன்னார். ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாடுனாத்தாங்க இருமுதுங்க" என்றாள் என் அம்மா.

பாடினோம். மூன்றாவது அடி முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாகச் செருமினோம். சூப்பர்வைசர் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியே நழுவிவிட்டது. தாய்மார்களும் அசடு வழியச் சிரித்தார்கள்.

"இப்புடியா சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்? எங்க, நீங்க ஒரு தடவ பாடுங்க."

அத்தை பாடினாள். அதே இடத்தில் செருமினாள். ஆனால் கடைசி அடி வரவில்லை. மறுபடியும் செருமினாள், அப்போதும் வரவில்லை. சூப்பர்வைசர் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்தார்.

"எத்தன மாசம் ஆச்சும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏழு மாசங்க."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அத்தை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். பெரிய ஆபீஸிலிருந்து வந்தவரிடம் இப்படித் தப்பாகச் சொல்கிறாளே என்று, "மூணு மாசந்தான் அத்த" என்று எல்லோருக்கும் கேட்கும்படி திருத்தினேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. மறுநாள் பாய்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. நான் சரியாகப் பதில் சொன்னதால்தான் அத்தைக்கு வேலை போகவில்லை என்று வெகுநாள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.