என் மாமா மேதையா என்று என்னிடம் கேட்காதீர்கள்

பல வருடம் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரை மறுபடி மின்சாரத்தில் மாட்டினால் ஒரு நாற்றம் வரும். உங்களுக்கு அது தெரியாதென்றால் அது உங்கள் பாக்கியம். உள்ளே படிந்த தூசியும் பல்லி எச்சமும் மெல்ல வறுபடும் நாற்றம் அது. போன வாரம் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் அது கிளம்பியது. தினேஷ் என்றொரு இளைஞன், பழைய பாட்டுகளைப் பற்றி இணையத்தில் காணொளி போடுகிறவன், மாமாவின் அந்தப் பழைய பெட்டியைப் புந்தோங்கில் யார் வீட்டிலோ கண்டுபிடித்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மாமா அதன் முன்னால் கண்ணை மூடி நின்று, சாம்பிராணிப் புகையை இழுப்பதுபோல இழுத்தார். அம்மா சன்னல்களைத் திறந்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெயர் பாலன். மேடையில் கரண்டு பாலா. அவருடைய ராக் குழுவின் பெயர் 'ஒட்டுப்பால்'. ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்து, எடுக்காமல் விட்டதால் கட்டியாகிப்போன ரப்பர்ப் பால்தான் ஒட்டுப்பால். அதை ஏற்றிய லாரி எங்கள் பள்ளிப் பேருந்தைக் கடந்தால் பிள்ளைகள் எல்லாரும் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொள்வோம். அந்தப் பெயரை ஒரு மனிதர் தன் இசைக்குழுவுக்கு ஆசையாக வைத்தார். "பேரக் கேட்டாலே நாறணும்லா" என்பார். நாறியது.

இப்போது அந்த மனிதரைத்தான் மேதை என்கிறார்கள். சனிக்கிழமை ஈப்போவில் ஒரு மண்டபத்தில், தினேஷும் அவன் நண்பர்களும் நடத்தும் நிகழ்ச்சியில், நெடுநாளைக்குப் பிறகு மாமா கித்தார் வாசிக்கப்போகிறார். அதற்கு முன் நான் மேடையேறி அவர் மேதை என்று சொல்ல வேண்டுமாம்.

"நீங்க படிச்சவங்கக்கா. நீங்க சொன்னா ஒரு வெயிட் இருக்குலா" என்றான் தினேஷ்.

படித்தவள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள், பட்டம் வாங்கிய ஒரே ஆள் நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்வேன், கேட்டால் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்வேன். தம்பி பாலனைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மாவைத் தோட்டப் பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பி பிற்காலத்தில் செய்ததெல்லாம் தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தைவிட்டு அம்மா வெளியே வந்தே இருக்கமாட்டார்.

என்ன செய்தார் என்று கேளுங்கள். எதிரொலி நன்றாக இருக்கிறதென்று குளியலறையில் உட்கார்ந்து வாசிப்பார். கையுறை ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டிய அம்மா துண்டும் சோப்பு டப்பாவுமாக வெளியே நிற்பார். நான் பரீட்சைக்குப் போக வேண்டிய காலைகளிலும் இதே கதைதான். தட்டினால் உள்ளேயிருந்து, "சுருதி ஓடுது, தொந்தரவு பண்ணாத" என்று பதில் வரும். ஒரு கல்யாண விருந்தில், மண்டபத்துக்கு வெளியே நாய் ஒன்று குரைத்ததென்று பாட்டைப் பாதியில் நிறுத்தி, எல்லாரையும் கையமர்த்தி, நாய் முடிக்கும்வரை காத்திருந்தார். முடிந்ததும் அந்த நாய் மாதிரியே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து போனார். இதையெல்லாம் தினேஷிடம் புகாராகத்தான் சொன்னேன். அவன் பரவசத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு முறை கோலாலம்பூரில் பெரிய மேடை கிடைத்தது. கித்தாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். சனங்கள் முதலில் அதுதான் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். பாட்டு இல்லை என்று தெரிந்ததும் சிரித்தார்கள். அப்புறம் போத்தல்கள் பறந்து வந்தன. வீட்டுக்கு வந்த மாமா கித்தாரை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எங்கோ காவல்காரர் வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்ப்பார். நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்து முடித்துத் திரும்பி வந்தபோதும் அதே சுவர்தான். "சாப்புடு பாலா, ஆறிப்போவுது" என்பது மட்டுந்தான் அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் கேட்ட பேச்சு.

அதனால்தான் தினேஷ் பெட்டியோடு வந்த அன்றைக்கு அம்மா என்னை அடுப்படியில் மடக்கினார்.

"மேதைனு சொல்லிட்டு எறங்கி வாயேன். ஒனக்கு என்னா கொறஞ்சு போவுது?"

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"சனம் மறுபடியும் சிரிச்சா, சோத்துத் தட்டோட அவன் முன்னால ஒக்காரப் போறது நான். நீ இல்ல."

இத்தனை படித்தவள், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

இந்த மேதைப் பட்டத்துக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு ஒலிப்பதிவு. பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் 'ஒட்டுப்பால்' வாசித்ததை யாரோ பேட்டரி டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது இப்போது இணையத்தில் சுற்றுகிறது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கித்தார் சட்டென்று நின்றுவிடும். வெறும் மௌனம். பிறகு ஒரு குழந்தையின் வீறிடல். அதன்பிறகுதான் கித்தார் மறுபடி வரும். அந்த மௌனத்தைப் பற்றித் தினேஷ் வயதுப் பிள்ளைகள் எழுதியிருப்பதைப் படித்தால் தலை சுற்றும்.

அன்றைக்கே முன்னறையில் தினேஷ் காமிராவை வைத்துக் கேட்டான். "பாலாண்ணே, அந்த மௌனம் நம்ம தோட்டத்தோட சாவுதானே? அந்த அழுகை நம்ம சனத்தோட அழுகைதானே?"

மாமா தாடியைத் தடவினார். "ஆமா தம்பி. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு."

என்ன தெரிந்தது? தோட்டத்தை விற்கப்போவது அன்றைக்குத் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணிக்கே தெரியாது! எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அது என் காதுகுத்து!"

காதுகுத்தென்றால் தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்? பத்தர் தங்கக் கம்பியோடு காத்திருக்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, மாமனோ மேடையைவிட்டு இறங்குவதாக இல்லை. ஆள்மேல் ஆளாக அனுப்பியும் பயனில்லை. கடைசியில் அம்மா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் கரண்டைப் பிடுங்கிவிட்டார். அதுதான் அந்த மௌனம். இனிக் கோயிலுக்குள் போக நேரமில்லை என்று பத்தர் மேடைப் படிக்கே வந்துவிட்டார். கித்தாரைக் கழற்றக்கூட விடாமல் மாமாவை அந்தப் படியில் உட்கார வைத்து, என்னை மடியில் போட்டுக் குத்தினார்கள். சனத்தின் அழுகை என்று சொல்கிறார்களே, அது நான்தான். அப்போது எனக்கு நாலு வயதிருக்கும்.

தினேஷ் வாயைப் பிளந்து கேட்டான். சரி, ஒழிந்தது என்று நினைத்தேன்.

"அக்கா… அப்படின்னா இது இன்னும் பெரிய ஜீனியஸ் வேலைலா!"

"அவ கணக்குப் படிச்சவ தம்பி. மியூசிக் தெரியாது" என்றார் மாமா.

மறுநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில், ஆதாரம் சேகரிக்கும் எண்ணத்தோடு காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். எப்போதும் என் அழுகை வந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. யாரோ கரண்டை மறுபடி சொருகியிருக்க வேண்டும், கித்தார் வந்தது. நேராக என் அழுகையின் உயரத்துக்கே வந்து, என் பக்கத்தில் நின்று, என்னோடு சேர்ந்து அழுதது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு ஒரு படி கீழே இறங்கியது. என் குரலும் கூடவே இறங்கியது. இன்னொரு படி. நான் மூச்சுக்கு நிறுத்தினால் அதுவும் காத்திருந்தது. நான் விக்கினேன், அதுவும் விக்கியது. ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய பாட்டு தொடர்ந்தது. இணையத்தில் அந்த இடத்தைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதவில்லை.

வாங்கி வைத்த மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குளியலறைக்கு வெளியே நின்ற காலைகளெல்லாம் என் பக்கம் இருக்க, இந்த ஒரு இடத்தை மட்டும் மறுக்க முடியவில்லையே என்ற கோபம்.

சாயங்காலம் வீட்டில் அதைப் போட்டுக் காட்டினேன். மாமாவுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை.

"இது நானா வாசிச்சேன்?" என்று கடைசிவரை கேட்டவர், "கித்தார் கொஞ்சம் சுருதி எறங்கியிருக்கு. ஆனா அந்த மௌனம் இருக்கே, அதான் டாப்" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "அந்த நேரத்துலதான் பத்தர் ஒனக்கு மத்தக் காதையும் குத்துனாரு. நீ சிரிச்சிக்கிட்டு இருந்த. குத்துனதே ஒனக்குத் தெரியல."

அதனால் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை மேடையில் சொல்லப்போகிறேன்: இந்த மனிதர் எங்கள் வீட்டுக்குப் பெரிய தொல்லை. ஆனால் ஒரு மேடைப் படியில், சில நிமிடம், நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை.

"மொதப் பாதிய விட்டுருலா" என்றார் அம்மா. விடமாட்டேன்.

அந்தப் படியை இப்போது பார்க்க முடியாது. தோட்டம் முதலில் எண்ணெய்ச் செம்பனைக் காடானது, பிறகு வீடமைப்புப் பகுதியானது. கோயிலைச் சாலையோரத்துக்கு நகர்த்திவிட்டார்கள். பத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார். மேடை இருந்த இடத்தில் காவலர் சாவடியும் கார்களை நிறுத்தும் தடுப்புக் கம்பமும் இருக்கின்றன. போனவை போகட்டும், வாசித்தவர் இருக்கிறாரே என்று நினைத்தேன்.

நேற்று ஒத்திகைக்குத் தினேஷ் வந்திருந்தான். "மாமா, சனிக்கெழம அந்த எடத்த வாசிங்க. சும்மா ஒரு தடவ முயற்சி பண்ணுங்க" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவது அபூர்வம் என்பதாலோ என்னவோ அவர் உட்கார்ந்தார். விரல்கள் தேடின, கிடைத்தது. மேலேயிருந்து ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. அடுப்படியில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடுவது கேட்டது.

தினேஷ் சத்தமில்லாமல் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான்.

மாமா அதைப் பார்த்தார். வாசித்தபடியே நாற்காலியை மெல்ல நகர்த்தி, வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பி, புருவத்தை உயர்த்தி, கண்களை மூடிக்கொண்டார். பிறகு கேட்டது வேறு என்னவோ.

அம்மா குழாயை மறுபடி திறந்துவிட்டார்.