பி சைடிலிருந்து தொடங்கிய விமர்சனம்

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தார். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் ஆஸ்பத்திரி நினைவு வரும். எனக்குக் கேசட் டெக் நினைவு வந்தது. ஊசி குத்தியதைக் கவனிக்கவே இல்லை.

என் முதல் வேலையில் காலையில் செய்யும் முதல் காரியம், பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு டெக்கில் நாடா உரசும் ஹெட்டைத் துடைப்பதுதான். புத்தாயிரம் பிறந்த புதிது. எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, டெல்லி கரோல் பாக்கில் ஒரு கார் ஸ்டீரியோ கடைக்கு மேல்மாடியில் இயங்கிய ஆங்கில இசை மாத இதழில் சேர்ந்திருந்தேன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைச் சோதித்து எழுதுவது என் பக்கம். மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை.

"நாலு வருஷம் படிச்சுட்டுத் தொடைக்கற வேலைக்கா போற?"

"ஹெட்டத்தான்ப்பா தொடைக்கறேன், தரைய இல்ல."

மறுநாள் என் டிபன் பாக்ஸுக்கு அடியில் மத்திய அரசுத் தேர்வு விளம்பரம் ஒன்று கத்தரித்து வைக்கப்பட்டிருக்கும்.

அப்பாவின் பயத்துக்கு உருவம் கொடுத்தால் அது எங்கள் ஆசிரியர் சுந்தரம் சார்தான். திருநெல்வேலிக்காரர். அமைச்சகத்தில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ராக் இசைக்குப் பத்திரிகை நடத்த வந்தவர். அதற்காகத் தலைமுடி வளர்க்கவில்லை. சட்டையை இன் பண்ணி, பையில் இரண்டு பேனாவோடு, ஃபைல் பார்க்கும் முகத்தோடுதான் டிரம்ஸ் கேட்பார். பக்கங்களை வடிவமைத்தது முரளி. டெல்லியில் பிறந்து புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தமிழில் நன்றாகச் சண்டை போடுவான். படிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பான்.

பளபளப்புத் தாள், வெளிநாட்டுப் பேட்டி, பெரிய விளம்பரம் எதுவும் எங்களிடம் கிடையாது. இருந்தது ஒரு பெயர்: இவர்கள் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். அந்தப் பெயருக்காக சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். விமர்சனத்துக்கு வரும் கேசட்டை மூவரும் சேர்ந்து கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. சமோசாகூட இடைவேளையில் கேசட்டைத் திருப்பும்போதுதான். முரளி ஒருமுறை ஏ சைடு நடுவே கடித்துவிட்டான். "ஏல, அது டிரம்ஸா, ஒன் பல்லா?" என்று சார் முதல் பாட்டிலிருந்து மறுபடி போடவைத்தார்.

அப்படித்தான் பம்பாய்க் குழு ஒன்றின் புதிய ஆல்பத்தையும் கேட்டோம். வெளியீட்டுக்கு முன்பே வந்த பிரதி. அட்டை இன்னும் அச்சாகவில்லை. ஏ, பி என்று லேபிள் மட்டும் ஒட்டியிருந்தது. ரயில் நிலையத்தில் யாரோ யாரையோ பிரியும் பாட்டில் தொடங்கியது. கேசட்டைத் திருப்பியதும் கல்யாண மேளம், பிறகு கடைசிவரை கொண்டாட்டம். சார் உருகிப்போனார். துயரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வரும் பயணம் என்று மூன்று பக்கம் எழுதினார். முரளி அதையே அட்டைப்படக் கட்டுரையாக்கினான். பக்கங்கள் நாராயணா பகுதியிலிருந்த அச்சகத்துக்குப் போயின.

இரண்டு நாள் கழித்து முரளி ஒரு சிடியை நீட்டினான். வெளியாகும் முன்பே நெட்டில் கசிந்ததைக் கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் இறக்கியது. அதில் கல்யாணப் பாட்டு முதலில் இருந்தது. ரயில் நிலையம் பாதிக்கு மேல்.

"நெட்டுல எவனோ நம்பர மாத்திப் போட்டிருக்கான்," என்றார் சார். "ஓசில வாரதுக்கு வரிச வேற கேக்குதாக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இணையத்தில் பாட்டின் பெயரே தப்பாக இருக்கும் காலம் அது. இருந்தாலும் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் ஆல்பம் கடைக்கு வந்தது. மதியம் மெட்ரோ தூண்களுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு கேசட் கடைக்குப் போனேன். வாசல் ஸ்பீக்கரில் கல்யாண மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பையா, ஏ சைட் லகாவோ," என்று ஏ பக்கத்தைப் போடச் சொன்னேன்.

"யஹீ தோ ஏ சைட் ஹை, மேடம்."

இதுதான் ஏ பக்கம் என்று கடைக்காரர் அட்டையைக் காட்டினார். ஹாஸ்டல் பையன்கள் சரி. எங்களுக்கு வந்த பிரதியில் யாரோ லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். சட்டப்படி, மூச்சுவிடாமல், ஆல்பத்தைப் பின்பாதியிலிருந்து கேட்டிருக்கிறோம்.

சாரிடம் சொன்னேன். முகம் மாறவில்லை; பேனாவை மட்டும் எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அச்சு ஓடிட்டா?"

"நாளைக் காலையிலதான் சார்."

"நிறுத்திருவோம் சார்," என்றான் முரளி, பதற்றத்தில் இந்தி கலந்து. "ஹாஸ்டல் லட்கா லோக் கிழிச்சிடுவாங்க. முழுசாக் கேக்கறவங்கன்னு நமக்கு ஒரு பேர் இருக்கு. அதுவும் போச்சுன்னா பாக்கி என்ன இருக்கு?"

அவன் சொன்னது சரி. விற்பனை ஏற்கெனவே மெலிந்துகொண்டிருந்தது. மிச்சம் அந்தப் பெயர்தான். சார் கடையிலிருந்து நான் வாங்கிவந்த கேசட்டை டெக்கில் போட்டார். முழுதும் கேட்டோம். சமோசா இல்லை. மேளத்தில் தொடங்கியது, ரயில் கிளம்பிப் போய், ஒரு மங்கலான பாட்டில் முடிந்தது.

"இந்த வரிசைல அவ்வளவு நல்லா இல்லியே," என்றார் சார்.

நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு முரளி. சார் சிரிக்கவில்லை, அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார். கட்டுரையில் ஒரு வரியையும் மாற்றவில்லை. தலைப்புக்கு மேல் இரண்டு வாக்கியம் மட்டும் சேர்த்து, நாராயணாவுக்கு என்னையே ஆட்டோவில் அனுப்பினார்: எங்களுக்கு வந்த பிரதியில் பக்கங்கள் மாறியிருந்தன, நாங்கள் பி சைடிலிருந்து கேட்டோம். நீங்களும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இதழ் வந்த அன்றே இணைய அரட்டைப் பக்கத்தில் எங்களுக்குப் 'பி சைடு பத்திரிகை' என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வேறு எதற்கோ சிரிக்கப் போய்விட்டார்கள். கடிதங்கள் மெதுவாக வந்தன. திருப்பிக் கேட்டோம், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள் பலர். ஒரே ஒரு கடிதம் எதிர்ப்பு. ஜனக்புரியிலிருந்து ஒரு வங்கி அதிகாரி. கல்யாணம் முடிந்துதான் பிரிவு வரும், அதுதான் வாழ்க்கை, உங்கள் ஆசிரியர் சினிமா முடிவு கேட்கிறார் என்று கிழித்திருந்தார்.

பாராட்டுக் கடிதங்களை மேசையில் வைத்துவிட்டு, சார் இதை மட்டும் எழுந்து நின்று படித்தார்.

"ரெண்டு தடவ கேட்டிருக்கான்மா," என்றார். "ரெண்டு வரிசையும் கேட்டிருக்கான்."

முழுக் கடிதத்தையும் அடுத்த இதழில் போட்டார். அதற்கடுத்த இதழில் தன் பதில். அதற்கும் அடுத்த இதழில் வங்கி அதிகாரியின் பதில். ஆல்பத்தை ஊரே மறந்த பிறகும் அந்தச் சண்டை மாதம் ஒருமுறை நடந்தது. நடுவில் இருவரும் ஆல்பத்தை மறுபடி மறுபடி கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலிலும் புதிதாக ஏதாவது இருந்தது. அந்தப் பக்கத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் எழுதினார். ஆனால் விளம்பரம் பிடிக்க அது போதவில்லை. கீழ்மாடிக் கார் ஸ்டீரியோ கடைக்காரரே விளம்பரத்தை இணையத்துக்கு மாற்றிவிட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பத்திரிகையைச் சரியாக மூடினோம். சந்தாதாரர்களுக்குச் சொல்லி, விற்பனையாளர் கணக்கு முடித்து, டெக்கைத் துடைத்து உறை போட்டேன். முரளி வலைத்தளம் வடிவமைக்கப் போனான். நான் ஒலிக்கருவி சோதனைக்கூடத்துக்கு. அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

கடைசி இதழில் சாரின் பதில் வந்திருந்தது. பதில் சொல்வது ஜனக்புரிக்காரரின் முறை. அவர் விடுகிற ஆள் இல்லை. அந்த மாதமும் எழுதியிருப்பார். வாங்கிக்கொள்ளத்தான் முகவரி இல்லை.