சிவப்பு மூலையும் சிவப்பு பனியனும்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில், போன ஆடி மாதம் ஒருநாள், சக்கில் செருகிய சாவியை எடுக்காமலேயே மெஷினைப் போட்டுவிட்டேன். லேத் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றும் பாகத்துக்குச் சக் என்று பெயர். அதை முடுக்கிய சாவியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே எவனுக்கும் சொல்லித்தரும் பாடம் இது. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம், ரிட்டயர் ஆனபிறகு இங்கே ஐந்து வருஷம், ஒருநாள் தவறியதில்லை. அன்று தவறினேன். சாவி பறந்துபோய் என் காதோரமாகச் சுவரில் அடித்து, காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு” என்றார் முதலாளி. நல்ல மனுஷன். ஆனால் எனக்கு அது தலைப்பாகையோடு போனதாகத் தெரியவில்லை. தலைக்குள்ளேயே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பயந்தேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. நான் வாலிபத்தில் பாக்ஸிங் ஆடியவன். எங்களோடு ஹெவிவெயிட்டில் ஆடிய ஒருவர் மணவாள நகரில் இருக்கிறார். எமன் மாதிரி அடிப்பார், அதே அளவுக்கு வாங்கவும் செய்வார். இப்போது சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து, “நீங்க எந்த ஊரும்மா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?” என்று கேட்கிறார். வாங்கின அடியெல்லாம் சேர்ந்து மூளையைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடினால்கூட எனக்கும் அதுதானோ என்று நினைப்பேன். அதன்மேல் இந்தச் சாவி வேறு.

என் வீட்டுக்காரி சும்மா இருப்பவளா? மறுநாளே திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். “பழைய சம்பவம் எதுனா சொல்லுங்க” என்றார். கேட்கணுமா? கும்மிடிப்பூண்டி ஃபைனலை எடுத்துவிட்டேன்.

அது ஒரு மில் மைதானம். நாலு சவுக்குக் கட்டைகளை நட்டு ரிங் கட்டியிருந்தார்கள். கயிறு பழவேற்காட்டிலிருந்து வந்த படகுக் கயிறு. அதில் சாய்ந்தால் முதுகுத் தோல் உரியும், கருவாட்டு வாசம் வேறு வரும். அறுபது கிலோ எடையில் எனக்கு எதிராக நின்றவன் பள்ளிப்பட்டுக்காரன், குள்ளம், ஆனால் உரல் மாதிரி இருப்பான். மூன்று ரவுண்டு ஆடினோம். மைக்கில் “சிவப்பு” என்றார்கள். சிவப்பு பனியன் போட்டிருந்தவன் நான். ரெஃப்ரி என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினார். அந்தக் கை மேலே போனது இன்றைக்கும் என் தோள்பட்டையில் இருக்கிறது. எல்லாருக்கும் பரிசு என்று ஒரே மாதிரி எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

“பழசெல்லாம் சுத்தமா இருக்கே, அது நல்லது” என்றார் டாக்டர். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரைக்கும் மெஷின் பக்கம் போகக் கூடாது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: “அவுரு எதுனா இருக்குதுன்னு சொன்னாருன்னா அவ்ளோதான். அப்பறம் லேத்து கீத்துன்னு வாயத் தொறக்கக் கூடாது.” விரல் போனால் போகட்டும், எனக்குப் பட்டறை வேண்டும் என்று கத்தினேன். நடுரோட்டில் கத்தினேன். மெஷின் சத்தம் இல்லாமல் திருநின்றவூர் ஃப்ளாட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மூளை நன்றாக இருந்தாலும் கெட்டுப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பழைய ஆட்டக்காரர்கள் கூடுவோம். ரிட்டயர் ஆனபிறகு வந்த பழக்கம் இது. நடுவில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்டு வேலையில் யார் யாரைப் பார்த்தோம்? பாய் முக்கியமானவர். பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கும் குடும்பம். அன்றைக்கு ரிங்குக்குக் கயிறு வந்ததே அவர் கடையிலிருந்துதான். பிற்பாடு அவர் சென்னைக்குப் போய் டிக்கெட் போட்டு நடக்கும் ஆட்டங்களில் காசு வாங்கிக்கொண்டு ஆடினார். அதனால் எங்களையெல்லாம் ‘டிபன் கேரியர் பார்ட்டி’ என்பார். “காசு வாங்கினு ஒத வாங்கறவன் நானு, கேரியர் வாங்கினு ஒத வாங்கறவன் நீயி. ஒத ஒண்ணுதான்” என்பார். அவர் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கும். எந்த ஊர் ஆட்டத்தில் சாய்ந்தது என்பதை மட்டும் வாரத்துக்கு ஒரு விதமாகச் சொல்வார்.

டாக்டரிடம் போய்வந்த அந்த வாரம், நான் பாஸ் பண்ணிவிட்ட பெருமையில் அந்த ஃபைனல் கதையைச் சொன்னதையும் சொன்னேன். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னாபா சொல்ற? அதுல நீ தோத்தியே!”

“யாரு? நானா? பாய், வெள்ளாடாத.”

“அல்லா மேல ஆணையா சொல்றேன். நீ நீல மூலைல ஒக்காந்தே. ஒனக்குத் தண்ணி குடுத்தவன் நானு. எனக்கு அடுத்த ஆட்டம் இருந்துச்சா, கடைசி ரவுண்டு முடியறதுக்குள்ள க்ளவுஸ் மாட்டப் பின்னாடி போய்ட்டேன். திரும்பி வந்து பாத்தா அந்தாள் கைதான் மேல இருந்துச்சு.”

“மைக்குல சிவப்புன்னு சொன்னான். நான் சிவப்பு பனியன்!”

“பனியன் கலரு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீல மூலைல எவன்யா சிவப்பு பனியன் போடுவான்?”

பாய் கேட்டது சரிதான். ஆட்டத்தின் விதியே அதுதான். சிவப்பு மூலைக்காரன் சிவப்பு போடணும், நீல மூலைக்காரன் நீலம் போடணும். நீல மூலையில் பாய் என் வாயில் தண்ணீர் ஊற்றியது எனக்கும் ஞாபகம் இருந்தது. சிவப்பு பனியனும் ஞாபகம் இருந்தது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அப்படியென்றால் என் தலை நாற்பது வருஷமாகவே பொய் சொல்கிறதா? புதுசுதான் போகிறது, பழசு கெட்டியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்டியும் புளுகு என்று ஆனபின் டாக்டரிடம் எந்த முகத்தோடு போவது? பாயை நாலு வார்த்தை திட்டிவிட்டு, டீக்குக் காசுகூடக் கொடுக்காமல் எழுந்து வந்தேன்.

நாலு நாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ராத்திரி படுத்தால் கை மேலே போகும், உடனே பாயின் சாய்ந்த மூக்கு வரும். ஐந்தாம் நாள் காலையில் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். கல்யாணமான புதிதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டவள் அவள். கிண்டல் பண்ணுவாள் என்று பார்த்தால், முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் பயந்துவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் ஏறியது.

“அந்தப் பள்ளிப்பட்டுக்காரு உயிரோட இருக்காரா?” என்றாள்.

பாய்தான் விசாரித்துச் சொன்னார். திட்டியதை அவர் மனசில் வைக்கவில்லை. இருக்கிறார், மாவு மில் வைத்திருக்கிறார், போன் நம்பரும் கிடைத்தது. “போன்ல கேக்கற விஷயமா இது? நேர்ல போவோம்” என்றாள் இவள். மூவரும் பஸ் ஏறினோம். திருத்தணியில் மாறி, பள்ளிப்பட்டு போய்ச் சேரும்வரைக்கும் எனக்கு ஒரே வேண்டுதல்தான். கடவுளே, நான் ஜெயித்தேன் என்று அந்தாள் சொல்லிவிடட்டும். திருத்தணியைத் தாண்டும்போது மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கூடச் சொன்னேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் தும்மிக்கொண்டே உள்ளே போனோம். தலையெல்லாம் மாவு அப்பிய ஒரு குள்ள மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாய் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அட நைனா! நீயா? வா, வா. அதே ஒல்லிக்குச்சியாத்தான் கீற!”

மெஷினை நிறுத்தி, பின்னாலிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். நலம் விசாரித்தார். நான் மழை, மிளகாய் விலை என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். என் வீட்டுக்காரிதான் பட்டென்று போட்டு உடைத்தாள்.

“ண்ணா, அன்னிக்கு கும்மிடிப்பூண்டில ஜெயிச்சது யாரு?”

“நான்தாம்மா. ஏன்?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண்ணை இருட்டியது. முடிந்தது கதை, மணவாள நகர் வழிதான் நமக்கும் என்று நினைத்தேன். இவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா மொதல்ல இவுரு கையத்தான் தூக்கினாங்க” என்றார் பள்ளிப்பட்டுக்காரர்.

“இன்னாது?” நான் கத்திய கத்தலில் அவர் வீட்டுப் பூனை ஓடிவிட்டது.

“மறந்துட்டியா நைனா? நான் சிவப்பு மூலை. அவுங்க குடுத்த சிவப்பு பனியன் எனக்கு ஏறவே இல்ல, நெஞ்சாண்ட வந்து நின்னுக்கிச்சு. ஒனக்குக் குடுத்த நீலம் ஒனக்கு லொடலொடன்னு இருந்துச்சு. மேடைக்குப் பின்னாடி மாத்திக்கினோமே! டேபிள்ல இருந்தவங்க மூலையப் பாத்து மார்க் போட்டாங்க. சிவப்புன்னாங்க. ரெஃப்ரி பனியனப் பாத்துட்டு ஒன் கையத் தூக்கிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பறம் டேபிள்லேர்ந்து ஒருத்தர் கத்தினாரு, யோவ், சிவப்பு பனியன் இல்லய்யா, சிவப்பு மூலைன்னு. ஒன் கைய எறக்கிட்டு என்னுதத் தூக்கினாங்க.”

பனியன் மாற்றியது அவர் சொன்ன அந்த நிமிஷமே எனக்கு வந்துவிட்டது. அவர் கழற்றிக் கொடுத்தபோது அது ஈரமாக இருந்தது, நான் முகத்தைச் சுளித்தேன், அதற்கு அவர் சிரித்தார். எல்லாம் வந்தது. ஆனால் கையை இறக்கியது மட்டும் வரவில்லை. அதற்கு அடுத்து எனக்குத் தெரிவது, பாய் பஸ்ஸில் என் முகத்தில் சோடாவைத் தெளித்ததுதான். நடுவில் ஒரு துண்டு இல்லை. நாற்பது வருஷமாக இல்லை, இல்லாதது தெரியாமலேயே வாழ்ந்திருக்கிறேன்.

“மூணாவது ரவுண்டுல பொட்டுல ஒண்ணு வெச்சேன்” என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. “நீ நின்னுக்கினே தூங்கிட்டேன்னு நெனச்சேன். ஆனா விழல. கைய எறக்கினப்பகூட சிரிச்சிக்கினுதான் இருந்தே. இன்னா பெரிய மனசுடா இவனுக்குன்னு எனக்குத் தோணுச்சு. என் பசங்களுக்கு எத்தினி வாட்டி சொல்லிருக்கேன் தெரியுமா? தோத்தா அந்தாள் மாதிரி சிரிச்சிக்கினே தோக்கணும்டான்னு.”

“அண்ணே, அது பெரிய மனசு இல்லண்ணே. எனக்கு சொரணையே இல்ல” என்றேன்.

“சொரணை இல்லியா?” என்றார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், தலையிலிருந்து மாவு கொட்டியது. பாய் “யா அல்லா, யா அல்லா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. “குப்புற வுழுந்தாலும் மீசைல மண்ணு ஒட்டலம்பாங்க. நாப்பது வருசமா மீசை முழுக்க மண்ணோட சுத்திக்கினு, எனக்கு ஜெயிச்ச கதை சொல்லிகினு இருந்திருக்கீங்களே!” என்றாள்.

நான் தோற்றுவிட்டேன். அதைக் கேட்டு என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டான். என் தலை பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் வைத்திருந்தது, பார்க்காததை வைக்கவில்லை, அவ்வளவுதான். டாக்டரும் பிறகு அதையே சொன்னார்: அந்த இல்லாத துண்டு அன்றைய ஒரே அடியால் வந்தது, இன்றைக்கு வந்த வியாதி இல்லை. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, வயசுக்கு ஏற்ற தலைதான், வேலைக்குப் போகலாம் என்றார். இப்போது சாவியைக் கழற்றி முதலாளி மேஜையில் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறேன். அதற்கு அவர் திட்டுகிறார். திட்டட்டும்.

பள்ளிப்பட்டில் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே வந்தார். பஸ் ஹாரன் அடித்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். மிளகாய்த் தூள் ஒட்டிய கை. குள்ளமானவர் என்பதால் நன்றாகவே மேலே தூக்க வேண்டியிருந்தது. பூக்கட்டுகிற அம்மாள், கண்டக்டர், எல்லாரும் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டுக் கையை இழுத்தார், நான் விடவில்லை. போன தடவை இது நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை. இந்தத் தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

“போதும், எறக்குங்க. பஸ்ஸு போய்டும்” என்றாள் என் வீட்டுக்காரி.