காப்பிக் கடை மேஜையில் குனிஹிரோ

பெண்டாட்டி மசுயோ தங்கள் பலகாரக் கடை ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் குனிஹிரோ எதிர்க் காப்பிக் கடைக்குள் நழுவிவிடுவார். மூலை மேஜைதான் அவருக்கு. அந்த மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வீடியோ கேம் திரை. காப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குனிந்தாரென்றால், பிறகு அவள் கூப்பிடுவது காதில் விழாது.

ஒசாகாவின் அந்தக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் எந்தக் காப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் இந்த மேஜைதான். அடடா, அது என்ன காலம்! தெரு முழுக்க டுப் டுப் என்று சத்தம். பள்ளிக்கூட வாத்தியார்கள் பையன்களைப் பிடிக்க ரோந்து வருவார்கள். பையன்கள் சீருடைச் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு ஆடுவார்கள். குனிஹிரோ ஆடினால் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். அந்தக் கூட்டத்தில் நின்ற தையல்கடைப் பெண்தான் மசுயோ. இன்று தெருவில் மிச்சம் இருப்பது இந்த ஒரு மேஜை. காப்பிக் கடைக்காரி தமாயே அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதே அவருக்காகத்தான்.

கடையில் விற்கும் தகோயாகி உருண்டை சுடுவதில் குனிஹிரோவை அடித்துக்கொள்ள அப்போது ஆளில்லை. நம் பணியாரக் கல் போன்ற குழிக்கல்லில் மாவை ஊற்றி, ஆக்டோபஸ் துண்டைப் போட்டு, குத்தூசியால் ஒரு தட்டு தட்டினால் உருண்டை புரண்டு கொடுக்கும். "எல்லாம் கேம் ஆடின புண்ணியம். கண்ணு பாக்கும்போதே கை போயிடும். மனசு அங்க இங்க அலையாது" என்பார்.

மசுயோ விடமாட்டாள். "அலையாதாமே! நேத்து அடுப்புல கெட்டில் வத்திக் கருகுச்சே, அப்ப எங்கய்யா போச்சு அந்த மனசு?"

போன குளிர்காலத்தில் வந்த பக்கவாதம் வலது கையைப் பிடித்துக்கொண்டது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. குத்தூசி மட்டும் விரலில் நிற்கவில்லை. மசுயோ சுட்டுப் பார்த்தாள். அடி கருகியது, நடு வேகவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, அடுத்த வாரம் வேறு தெரு வழியாகப் போனார்கள். இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். பேசிய அன்று இருவருக்குமே சோறு இறங்கவில்லை.

அப்போதும் "கைக்குப் பயிற்சி" என்று காப்பிக் கடைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டிருந்த மசுயோவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக் கையோடு தெருவைத் தாண்டிப் போனாள்.

"கடையை இழுத்து மூடப் போறோம், உனக்கு ஆட்டம் கேக்குதா?"

"கத்தாதடி, இன்னும் ஒரு வரிசைதான்."

"அக்கா, பழைய ஸ்கோரைத் தொட்டுட்டாரு" என்றாள் தமாயே. "வாதம் வந்த மனுசன்னு யாரு சொல்லுவா?"

மசுயோ எட்டிப் பார்த்தாள். வலது கை மேஜைமேல் சும்மா கிடந்தது. திரையில் எதிரியைச் சுட வேண்டியபோது மட்டும் அதைத் தூக்கிப் பொத்தான்மேல் போட்டார். இடது கையோ பிடிகோலைப் பற்றிக்கொண்டு பறந்தது. பொழிகிற குண்டுகளுக்கு நடுவே கப்பலை நுழைத்தது, நிறுத்தியது, மயிரிழையில் விலக்கியது.

"இந்தக் கை எப்பய்யா இப்படிப் படிச்சுது?"

"எந்தக் கை? கப்பல் ஓட்டுறது எப்பவுமே இடதுதானே. சுடுறதுதான் வலது."

"எந்திரி."

"ஆட்டம் பாதியில இருக்குடி!"

"எந்திரிய்யா!"

கடையில் கல் காய்ந்துகொண்டிருந்தது. மாவை ஊற்றி, குத்தூசியை அவருடைய இடது கையில் திணித்தாள்.

"இடது கையிலயா? ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் அழுவுதா? திருப்பு."

முதல் உருண்டை கிழிந்தது. அடுத்ததும் கிழிந்து ஆக்டோபஸ் வெளியே விழுந்தது. அவர் பேச்சை நிறுத்திக் கல்லின் மேல் குனிந்தார். ஊசி நுனி குழியின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உருண்டை மெல்லப் புரண்டு உட்கார்ந்தது. பக்கத்துக் குழியிலும் அப்படியே.

மசுயோ தன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். அவருக்குப் பின்னால் போய் நின்று, அதை அவர் இடுப்பில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.