கூரைக்கு விலைபோகாத நான்கு முத்திரைகள்

தங்கச்சியின் வீட்டுக்குச் சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கல்லடியில் எங்கள் வளவுக்குள்ளேயே, அப்பா வாவியில் இறால் பிடித்த காசில் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிய வீடு அது. சுவர் முடிந்ததும் காசும் முடிந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அதைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். உள்ளே மழை பெய்து பாசி பிடித்திருக்கிறது. யன்னல் வைக்க விட்ட ஓட்டையில் ஒரு பப்பாசிக் கன்று முளைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் போக எனக்குப் பழகிவிட்டது.

அந்தக் கூரையை என் முத்திரைகள் போட்டுத் தரும் என்று அப்பா ஒரு மாரிகாலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் தபால் முத்திரை சேர்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அயலில் இருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்கள் எழுதும் கடிதங்கள் வாசிப்பதற்கு என்னிடம்தான் வரும். வாசித்துச் சொன்னால் உறையில் இருக்கும் முத்திரை எனக்கு. அப்படிச் சேர்ந்தவை பாதி. மீதி, கையில் காசு இருந்தபோது நான் வாங்கிய வடிவான முத்திரைகள்: பறவை, பூ, மீன், கோயில், வெளியிட்ட நாளிலேயே சீல் குத்திய உறைகள்.

அந்த நான்கு முத்திரைகளும் வடிவானவை அல்ல. படிப்பு முடித்து, கரடியனாற்றுப் பக்கம் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியராக இருந்தபோது வாங்கியவை. வாரத்துக்கு ஒரு வேலை விண்ணப்பமாவது அனுப்புவேன். அந்த நேரம் பார்த்துத் தபால் கட்டணம் கூடிவிட்டது. புதிய முத்திரை அச்சாகி வரும்வரை, பழைய முத்திரையின் விலையைக் கறுப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிய விலையை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்த சின்னத் தபால் கந்தோரில் அதுதான் இருந்தது. ஒரு தாளில் பாதியை வாங்கினேன். ஒவ்வொன்றாக விண்ணப்பங்களோடு போய், கடைசியில் சதுரமாக நான்கு மிஞ்சியபோது வேலை கிடைத்துவிட்டது. பிய்க்க மனமில்லாமல் அப்படியே ஆல்பத்தில் செருகி வைத்தேன்.

இப்போது பட்டினத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. பக்கத்து மேசையில் இருப்பவன் பறங்கிக் குடும்பத்தவன், என் வயதுதான். மாமா ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விட்டுப்போன முத்திரைகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தான். முத்திரை விலைகள் போட்ட கட்டலொக் புத்தகம் முழுவதும் அவனுடைய போனில் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“வடிவாத்தான் இரிக்கி மச்சான்” என்றான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே. “ஆனா எல்லாம் அடிமட்ட விலை. அதுவும் முத்திரைக்கில்ல, கடைக்காரன் எடுத்து உறையில போட்டுத் தாற கூலிக்கு.”

“இந்த முதல்நாள் உறை?”

“அத ஆரு எறிஞ்சிரிக்கிறாங்க? எல்லாரும் பவுத்திரமா வச்சிரிக்கிறாங்க. எங்கட டிகிரியும் இப்பிடித்தான் மச்சான். வீட்டுக்கு வீடு கண்ணாடி போட்டுத் தொங்குது.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினான். கறுப்புக் கோடு போட்ட நான்கையும் கண்டதும் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் போனை எடுத்தான். கட்டலொக்கில் தேடி, விலையைப் பெரிதாக்கி எனக்கு நீட்டினான். அது ஒரு முத்திரைக்கு. அதன் பக்கத்தில் என் மாதச் சம்பளம் சின்னதாகத் தெரிந்தது.

அவன் சொன்னதைப் பிறகு நானும் தேடி வாசித்து விளங்கிக்கொண்டேன். பழைய முத்திரை என்றால்தான் விலை என்று நாங்கள் நினைக்கிறோம். அது அப்படியில்லை. நூறு வருடத்துக்கு முந்திய முத்திரை, பெட்டி பெட்டியாகத் தப்பியிருந்தால், ஒரு தேத்தண்ணிக் காசுக்குப் போகும். நேற்று அச்சடித்தது, ஒருவரும் எடுத்து வைக்காததால் விலை ஏறி நிற்கும். சேகரிப்பவர்கள் வடிவானதைத் தாள் தாளாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். கறுப்புக் கோடு போட்ட அசிங்கத்தை யார் வாங்குவது? கொஞ்ச நாள்தான் அது புழக்கத்தில் இருந்தது. விண்ணப்பத்திலும் நோட்டீசிலும் ஒட்டி அனுப்பினார்கள், வாங்கியவர்கள் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். எஞ்சியது கொஞ்சம், தேடுகிறவர்கள் பலர். ஒட்டாமல், நான்காகச் சேர்ந்தே இருந்தால் இன்னும் அருமை.

அன்று பின்னேரம் அப்பாவிடம் விலையைச் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“ஒண்டுக்கா, நாலுக்குமா?”

“ஒண்டுக்குப்பா. ஆனா அது புத்தக விலை. அந்த விலைக்கு ஆரும் வாங்கமாட்டாங்க. பாதி தந்தாலே பெரிசு.”

“பாதி எண்டாலும் கூரை மரத்துக்கும் சீற்றுக்கும் காணும்” என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதுக்குள் போகவில்லை.

கொழும்பில் முத்திரை வாங்கும் ஒருவரைப் பக்கத்து மேசைச் சிநேகிதன் பிடித்துத் தந்தான். அவர் ஊரில் இல்லை, தை பிறந்ததும் பார்க்கிறேன் என்றார். அப்பாவுக்குத் தை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. சித்தாண்டிக்குப் போய், தங்கச்சிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், ஆவணியில் முருகன் கோயில் திருவிழாவுக்கு முன் கூரை போட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து என் தோளில் தட்டினார். அவர் அப்படித் தட்டுகிறவர் அல்ல.

அந்த மாரி பொல்லாத மாரி. வாவித் தண்ணீர் வளவுக்குள் ஏறியது. வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் ஈரம் எல்லாவற்றிலும் ஏறியது. மழை விட்டு வெயில் எறித்த முதல் நாளே அம்மா வழக்கம்போல வீட்டில் உள்ள அத்தனையையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். உடுப்பு, பாய், சாமிப்படம், என் சான்றிதழ்கள். மாரி முடிந்தால் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவுவது, கழுவியதைக் காயவைப்பது.

வேலையால் வந்தபோது, ஓலைப்பாயில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரமாக, ஒரு வெள்ளைத் துணியில், அந்த நான்கு முத்திரைகளும்.

“ஆல்பத்துக்குள்ள ஒட்டிப் பிடிச்சிக் கிடந்திச்சி மனே” என்றார் அம்மா. “பின்னால பசபசண்டு ஒரே பூஞ்சணம். இளஞ்சுடுதண்ணியில ஊறவச்சி, பசையெல்லாம் போக்காட்டி எடுத்தன். பாரு, ஓரத்தில ஒரு பல்லுக் கூடக் கிழியல்ல. தங்கச்சிட வீட்டுச் சாமானெல்லோ.”

உண்மையிலேயே ஒரு பல் கூடக் கிழியவில்லை. சதுரம் சதுரமாகவே இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள். “நல்ல வேலைம்மா” என்றேன். வேறு என்ன சொல்வது? தங்கச்சி கிணற்றடியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழும்புக்காரர் முன்பக்கப் படத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். பின்பக்கப் படமும் கேட்டார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே அழைத்தார்.

“தம்பி, பசை எங்க?”

“மழையில போயிற்று ஐயா.”

“பசை இல்லாட்டி இதை ஒட்டாத முத்திரை எண்டு நான் எப்பிடி விக்கிறது? சீல் விழுந்ததைக் கழுவி எடுத்தது எண்டு சொல்லுவாங்கள். பாவிச்சது எண்டு விக்கவும் ஏலாது, சீல் இல்லை. உங்களைப் பிழை சொல்லேல்லை. ஆனா எனக்கு வேண்டாம்.”

சிநேகிதன் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தான். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவர் சொன்ன விலைக்கு ஒரு சீற்றுக்கூட வராது. “கிட்டப் பிடிச்சா இறால் மணக்குது மச்சான்” என்று சிநேகிதன் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டான்.

அப்பாவிடம் வாவிக்கரையில் வைத்துத்தான் சொன்னேன். அவர் தோணியை இழுத்துக் கட்டினார். பிறகு, “சித்தாண்டிக்கு நீயும் வா. இது எனக்கு வாயில வராது. பசை போயிற்று, அதால கூரை இல்ல எண்டு நான் சொன்னா விசர் எண்டு நினைப்பாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் காரணம் சொல்லாமல் போனோம். மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் இருந்தார்கள். மாப்பிள்ளை எங்களைக் கண்டு சிரித்துவிட்டு, கதை தொடங்கியதும் வயல்வட்டைக்குத் தண்ணி பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் கட்டலொக், புத்தக விலை, கைக்கு வரும் விலை, பசை எல்லாம் விளக்கினேன். வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கினேன்.

“முத்திரை கிழிஞ்சிட்டா?” என்றார் தாய்மாமன்.

“கிழியல்ல.”

“சாயம் போயிற்றா?”

“இல்ல.”

“அப்ப பின்பக்கத்த ஆரு தம்பி பாக்கிற? ஒட்டினாப் புறகு அது கடிதத்துக்கெல்லோ தெரியும்!”

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “உங்கட புள்ளையில எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கூரை போட்டாப் புறகு நாள் வைப்பம். ஆகாசத்துக்குக் கீழ குடியிருத்த ஏலுமா?”

“அப்ப எப்ப எண்டு சொல்லுங்க” என்றார் தாய்மாமன் அப்பாவிடம். “அடுத்த ஆவணி?”

“நாள் சொல்லமாட்டன்” என்றார் அப்பா. “சொல்லிப்போட்டு மறுகா இப்பிடி வந்து நிக்க ஏலா.”

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். வளவுக்குள் நுழைந்ததும் தங்கச்சி வாசலுக்கு வந்தாள்.

“என்னவாம்?”

“கூரை போட்டாப் புறகாம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, “பசை போன கதைய அம்மாட்ட சொல்லிராதீங்க” என்றாள் மெதுவாக.

அதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “முத்திர வித்தாச்சா? எப்ப காசு தாறாங்களாம்?”

நான் வாய் திறக்க முந்தி அப்பா சொன்னார். “விலை விழுந்திட்டாம்கா. எல்லாருட்டயும் இரிக்காம் அந்த முத்திர.”

“அடி ஆத்த” என்றார் அம்மா. “நான் கழுவி வச்ச வடிவுக்காவது எடுத்திருக்கலாம்.”

“ஓம்” என்று சொல்லிவிட்டு அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கு நடந்தார். அன்று அவர் தொழிலுக்குப் போகிற நாள் அல்ல.