நாவலில் செத்தவரும் எங்கள் பக்கத்துக் காணிக்காரரும்

இன்று வவுனியா பஸ்ஸில் ஒரு நாவலை வாசித்து முடித்தேன். அறுபதுகளில் காணி கிடைத்துப் பரந்தன் பக்கம் குடியேறிய இரண்டு ஆண்களின் காதல் கதை. எழுத்து அழகு. ஆனால் கடைசியில் ஒருவர் பாம்பு கடித்துச் செத்துப்போகிறார்.

பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள்: "கதை நல்லமோ, அன்ரி?"

"அழுதனான் பிள்ளை. ஆனா கோவமும் வருது."

"ஏன்?"

"இப்பிடியானவையைக் கதையளிலை எப்பவும் சாக்காட்டிப் போடுகினம்" என்று, நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்துக் காணியில் அப்படி இரண்டு ஆண்கள் ஒன்றாக வாழ்ந்ததைச் சொன்னேன். ஊர் அவர்களைக் கூட்டாளிமார் என்றது. அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று தினமும் சண்டை பிடிப்பார்கள்.

"பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. கிழடாகும்வரைக்கும் ஒண்டா இருந்தவை. யுத்தத்திலை இடம்பெயரேக்கையும் ஒரே சைக்கிளிலைதான் போனவை."

அவள் சிரித்தாள். "அப்ப அதை நாவலா எழுதேலாது, அன்ரி."

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றும் நடக்காத சோடிகள் இருந்தால் எழுதுங்கள். வாசிக்க நான் ஒருத்தி இருக்கிறேன்.