வெளியே வந்த பிறகு சொல்கிறவர்கள்

எங்கள் டாக்டரம்மா கிளினிக்கை விட்டுப் போய்விடுவாரோ என்று இரண்டு வாரம் பயந்துகொண்டிருந்தேன். ஆவடி பக்கம் கோவில்பதாகையில் அவருடைய கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும், பெருக்கித் துடைப்பதும் என் வேலை. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் நான். யாரிடமும் சட்டென்று பேச வராது. டோக்கன் எண்ணைக்கூட வாய்விட்டுக் கூப்பிட மாட்டேன். எதிரில் போய் நின்று கையைக் காட்டுவேன், எழுந்து போவார்கள்.

ஒரு நாள் டாக்டரம்மாவோடு படித்த இன்னொரு டாக்டர் வந்திருந்தார். டீ கொண்டுபோனபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நூறு குடும்பம் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டிடுவாங்க. கூப்பிட்டா நீயே வீட்டுக்குப் போகலாம், அரைமணி நேரம் உட்கார்ந்து பேசலாம். நான் மாறின பிறகுதான் டாக்டர் மாதிரியே இருக்கேன்."

"இங்க வர்றவங்க?"

"ஆவடியில வேற டாக்டரே இல்லையா?"

டாக்டரம்மா முகத்தில் ஆசை தெரிந்தது. எனக்கு அது தப்பாகவும் படவில்லை. கூட்டத்துக்கு நடுவே, வாங்கி வைத்த டீ ஆறிப்போன பிறகுதான் தினமும் குடிப்பார். அவர் போனால் இந்த ஜனம் எங்கே போகும், நான் எங்கே போவேன் என்பதுதான் என் கவலை.

இங்கே வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போய் ஒன்றைச் சொல்வார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் நிஜமான உபாதையை என்னிடம் சொல்வார்கள். அண்ணனூரிலிருந்து வரும் வெல்டிங் வேலைக்காரர் ஒருவர் அப்படித்தான். அன்று கேஸ் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்டேஷன் படி ஏறசொல்லோ நெஞ்ச இறுக்கிப் புடிக்குது ஆயா."

"உள்ள சொன்னியா நைனா?"

"சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னுவாங்க. வெளிய இவ்ளோ ஜனம் காத்துகினு கீது. உடு ஆயா."

அவர் சட்டையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். உள்ளே ஓடினால் எனக்குப் பேச்சு வரவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி நின்றேன். டாக்டரம்மா எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று பாய்ந்து வந்து என் நாடியைப் பிடித்தார். "எனக்கில்லம்மா, அவருக்கு" என்று சொல்வதற்குள் என்னைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் வெல்டிங்காரருக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்துக்கொண்டார்.

அன்று கிளினிக் மூடும்போது டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதற்குமுன் நான் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

"பார்த்தீங்களா ஆயாம்மா, எனக்கு நேரமில்ல. அதனாலதான் கோட்டை விடறேன். போகலாம்னு நினைக்கிறதும் அதுக்காகத்தான்."

"நேரம் இருந்தாலும் சொல்ல மாட்டாங்கம்மா. உங்களப் பாத்தா பயம். என்னப் பாத்து யாரு பயப்படுவாங்க?"

அவர் சிரித்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். "அந்த நூறு குடும்பத்துல இவர் இருக்க மாட்டார், இல்ல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

இப்போது வாரத்தில் இரண்டு காலை மட்டும், வருஷப் பணம் கட்டுகிற சில குடும்பங்களைப் பார்க்க அடுக்குமாடி வீடுகளுக்குப் போகிறார். சாயங்காலக் கிளினிக் அப்படியே இருக்கிறது. டோக்கனை மட்டும் கொஞ்சம் குறைத்தார். எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கித் தந்தார். காத்திருப்பவர்களிடம் நிஜமான உபாதையை மெதுவாகக் கேட்டு ஒரு வரி எழுதி, கிழித்து, டோக்கனோடு உள்ளே அனுப்ப வேண்டும். இத்தனை வயதுக்கு மேல் என்னை எழுத வைத்த புண்ணியம் அவருக்கு. இதைக்கூட அந்த நோட்டில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அண்ணனூர்க்காரர் வந்தார்.

"இன்னா ஆயா, கைய காட்டிகினு இருந்த, இப்ப போலீஸ் மாதிரி கேள்வி கேக்கற?"

"படி ஏறறியா?"

"நின்னு நின்னு ஏறறேன். அத்தயும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.